பிசிடி வாங்குவதும் பேணுவதும்: ஸ்கூபா பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் முதலில் மாஸ்க் வாங்குவார்கள். அப்புறம் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை). அடுத்தது பிசிடி (Buoyancy Control Device, மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுப் பை உள்ள உடுப்பு) என்று வரும்போதுதான் தயக்கம். விலை அதிகம், வகையும் அதிகம். கடைக்காரர் ஒன்று சொல்வார், கூட டைவ் செய்யும் நண்பர் வேறொன்று சொல்வார். வாடகை பிசிடிகளைக் கழுவுவதிலும் காய வைப்பதிலும் பிரித்துப் பழுதுபார்ப்பதிலும் எனக்குப் பல வருடங்கள் போயிருக்கின்றன. அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என்னுடைய பதில்கள் இவை. தண்ணீருக்குள் செய்யும் எந்தப் பயிற்சியையும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பழகுங்கள்.

பிசிடி என்பது லைஃப் ஜாக்கெட் மாதிரிதானா?

இல்லை. இந்தக் குழப்பம் ஆபத்தானது என்பதால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன். லைஃப் ஜாக்கெட்டின் வேலை, மயங்கிப்போனவரையும் முகம் மேலே இருக்கும்படி மிதக்க வைப்பது. பிசிடி அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. சில வகைகள் மேற்பரப்பில் ஆளை முன்பக்கமாகக்கூடச் சாய்க்கும்.

பிசிடி மூன்று வேலை செய்கிறது. சிலிண்டரை முதுகில் தாங்குகிறது, மேற்பரப்பில் நாம் களைக்காமல் மிதக்க உதவுகிறது, தண்ணீருக்குள் மேலேயும் எழாமல் கீழேயும் இறங்காமல் நின்ற இடத்தில் நிற்க வைக்கிறது. பெயருக்குக் காரணம் இந்த மூன்றாவது வேலைதான். 1961இல் பிரான்சில் மொரீஸ் ஃபென்சி கொண்டுவந்த உடுப்பு கழுத்தைச் சுற்றி அணியும் காற்றுப் பை. அதை நிரப்ப ஒரு குட்டிச் சிலிண்டரும் கூடவே இருந்தது. இன்று நாம் போடும் ஜாக்கெட்டும் விங்கும் அதற்கு அடுத்த தலைமுறைகள்.

காற்றை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஏன் இருக்க வேண்டும்? ஒரு முறை சரிசெய்தால் போதாதா?

ஆழம் மாறாமல் இருந்தால் ஓரளவு போதும். ஆனால் ஆழம் மாறிக்கொண்டே இருக்கிறதே. மேற்பரப்பில் அழுத்தம் 1 பார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. வெட்சூட்டின் நியோப்ரீனுக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் இருக்கின்றன. இறங்க இறங்க அவை நசுங்கும், சூட்டின் மிதப்பு குறையும், நீங்கள் கனத்துப்போவீர்கள். அதை ஈடுகட்டத்தான் பிசிடியில் கொஞ்சம் காற்று விடுகிறோம்.

ஏறும்போது கதை தலைகீழ். 20 மீட்டரில் பையில் 4 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே ஏறினால் 10 மீட்டரில் அது 6 லிட்டர், மேற்பரப்பில் 12 லிட்டர். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தூக்கும். கணக்கு உங்களுக்கே புரியும்: வெளியே விடாவிட்டால் வேகம் வேகத்தைக் கூட்டும். அதனால்தான் ஏறுவதற்காக ஒருபோதும் காற்றேற்றாதீர்கள், ஏறுவது ஃபின்னின் வேலை என்று பயிற்சியில் அடித்துச் சொல்கிறார்கள். ஏறும் நேரத்தில் இன்ஃப்ளேட்டர் (பையில் காற்றை ஏற்றி இறக்கும் பொத்தான்களும் வாய்க்குழாயும் உள்ள கைப்பிடி) கையிலேயே இருக்க வேண்டும், காற்றை இறக்குவதற்காக.

ஜாக்கெட், பேக் இன்ஃப்ளேட், விங்: எதை எடுப்பது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஜாக்கெட் வகையில் காற்றுப் பை முதுகிலும் பக்கவாட்டிலும் சுற்றி வரும். பயிற்சியில் பெரும்பாலும் நீங்கள் போட்டது இதுதான். மேற்பரப்பில் நிமிர்ந்து நிற்க வசதி, பெரிய பாக்கெட், பழகிய உணர்வு. குறை என்னவென்றால், நன்றாக ஊதினால் விலாவைப் பிடிக்கும். தண்ணீருக்குள் காற்று இடுப்புப் பக்கம் வந்து நிற்பதால் கிடையாக நீந்துவது சிலருக்குச் சிரமமாக இருக்கும்.

பேக் இன்ஃப்ளேட் வகையில் பை முழுக்க முதுகில். முன்பக்கம் பட்டைகளும் பாக்கெட்டும் மட்டும். கீழே முகம் கவிழ்ந்து கிடையாக மிதப்பது எளிது, மார்பு இறுகாது. மேற்பரப்பில் அதிகமாக ஊதினால் முகம் முன்னே சாயும். இதைக் கேட்டே பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். தேவையான அளவு மட்டும் ஊதி, லேசாகப் பின்னால் சாய்ந்து, கால்களைச் சற்று முன்னே நீட்டினால் சாய்வு போய்விடும். இரண்டு டைவில் பழகிவிடுகிற விஷயம்.

பேக்பிளேட்டும் விங்கும் சேர்ந்தது மூன்றாவது வகை. ஓர் உலோகத் தகடு, அதில் கோத்த ஒரே நீளப் பட்டை, பின்னால் தனியாகக் கழற்றக்கூடிய காற்றுப் பை. பார்க்க எளிமையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூட இருக்கும். ஆனால் பட்டையை உங்கள் உடம்புக்கு அங்குலம் அங்குலமாகச் சரிசெய்யலாம். எது பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம். எஃகுத் தகடு ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ இருப்பதால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டி அந்த அளவுக்குக் குறையும். விமானத்தில் போகிறவர்களுக்கு அலுமினியத் தகடு நல்லது.

சைட்மவுண்ட் என்று சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் முறையும் உண்டு. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் பிசிடியாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

என் கருத்தைக் கேட்டால்: ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டைவ் செய்பவருக்கு உடம்புக்குப் பொருந்துகிற எந்த வகையும் சரி. தொடர்ந்து டைவ் செய்யப் போகிறேன், மிதவைச் சமநிலையை மெருகேற்ற வேண்டும் என்பவர்களுக்கு முதுகில் பை இருக்கும் இரண்டு வகைகளில் ஒன்றைச் சொல்வேன். முடிவெடுக்கும் முன் வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு டைவாவது போய்ப் பாருங்கள். கடைக் கண்ணாடி முன்னால் நின்று இதைத் தீர்மானிக்க முடியாது.

தூக்கும் திறன் எத்தனை கிலோ வேண்டும்?

பலர் நினைப்பது போல, அதிகமாக இருந்தால் பாதுகாப்பு என்பது சரியில்லை. பெரிய பையில் காற்று அங்குமிங்கும் ஓடும், தண்ணீரில் இழுவை கூடும், காற்றை முழுதாக வெளியேற்றவும் நேரமாகும்.

கணக்கு இப்படிப் போடலாம். உங்கள் வெட்சூட் மேற்பரப்பில் 5 கிலோ மிதப்புத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் அதில் முக்கால் பங்கு, அதாவது 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். அடுத்தது சிலிண்டரில் இருக்கும் காற்றின் எடை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் கிட்டத்தட்ட 2.9 கிலோ. டைவ் தொடங்கும்போது இந்த எடையையும் சுமந்துதான் இறங்குகிறீர்கள். இரண்டும் சேர்ந்து 7 கிலோவுக்குப் பக்கம். மேற்பரப்பில் தலை தண்ணீருக்கு வெளியே தெளிவாக நிற்கவும், அலை இருந்தால் சமாளிக்கவும் இன்னும் சில கிலோ. ஆக, ஒற்றைச் சிலிண்டர், நடுத்தர வெட்சூட் என்றால் 12 முதல் 16 கிலோ பலருக்குத் தாராளம். தடித்த சூட், கனமான எஃகுச் சிலிண்டர், இரட்டைச் சிலிண்டர் என்று போகப் போக இது கூடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. தண்ணீரில் பிசிடியைக் கழற்றிவிட்டால், ஈயமும் சிலிண்டரும் மாட்டிய அந்த மொத்தக் கட்டும் தானே மிதக்க வேண்டும். ஈயம் முழுவதையும் பிசிடியில் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அளவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

டைவ் செய்யும்போது போடும் சூட்டையே போட்டுக்கொண்டு அணிந்து பாருங்கள். டீ-ஷர்ட் மேல் போட்டுப் பார்த்து வாங்கியவர்கள் பலர் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள். பட்டைகளை எல்லாம் பூட்டி, அழுத்த விடுவிப்பு வால்வு தானே சீறும் வரை ஊதச் சொல்லுங்கள். அந்த நிலையில் மூச்சை ஆழமாக இழுத்துப் பாருங்கள். விலா விரிய இடமில்லை என்றால் அது உங்களுக்கானது இல்லை. அப்புறம் யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். பிசிடி காதுவரை ஏறினால் பெரிது. தண்ணீரில் இதைவிட மோசமாக ஏறும். இடுப்புப் பட்டையை எல்லை வரை இழுத்துத்தான் பூட்ட முடிகிறது என்றால் அதுவும் பெரிது. ஒல்லியானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஆழத்தில் சூட் நசுங்கும்போது பட்டை இன்னும் தளரும், அப்போது இறுக்க மிச்சம் இருக்காது.

சிலிண்டர் மாட்டிப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். தலையைப் பின்னால் சாய்க்கும்போது வால்வில் இடிக்கிறதா, இன்ஃப்ளேட்டர் கை போகிற இடத்தில் இருக்கிறதா, காற்றை வெளியே விடும் பின்பக்க டம்ப் வால்வின் கயிறு கண்ணை மூடித் தேடினாலும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பெண்களுக்கான பிசிடி உண்மையிலேயே வேறா, நிறம் மட்டுமா?

நல்ல தயாரிப்பாளர்கள் செய்வது வேறுதான். முதுகு நீளம் குறைவு, தோள்பட்டைகள் மார்பைத் தவிர்த்து வளைந்து இறங்கும், இடுப்புப் பட்டையின் கோணம் மாறும். ஆனால் பெண் என்பதாலேயே அதுதான் பொருந்தும் என்றில்லை. உயரமான பெண்களுக்கு ஆண்களின் அளவும், குட்டையான முதுகுள்ள ஆண்களுக்குப் பெண்களின் அளவும் கச்சிதமாக அமைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஈயத்தைப் பெல்ட்டில் கட்டுவதா, பிசிடி பாக்கெட்டில் வைப்பதா?

பாக்கெட்டில் வைத்தால் இடுப்பு வலி இல்லை, பட்டை நழுவுவதும் இல்லை. படகிலிருந்து கையில் தூக்கிக் கொடுக்கும்போது மட்டும் மொத்த எடையும் ஒரே இடத்தில் சேரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கையால், பார்க்காமல், உடனே கழற்றிவிட முடிய வேண்டும். பாக்கெட் வகை வாங்குகிறீர்கள் என்றால் அதன் கொக்கி எப்படிப் பூட்டுகிறது என்று கடையிலேயே பத்து முறை இழுத்துப் பாருங்கள். முழுதாகப் பூட்டாத பாக்கெட் டைவின் நடுவில் விழுந்தால் நீங்கள் கட்டுப்பாடில்லாமல் மேலே போவீர்கள். நான் எல்லா ஈயத்தையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. கொஞ்சம் கழற்றும் பாக்கெட்டில், கொஞ்சம் பின்பக்கச் சிறு பாக்கெட்டில். கால் தொங்கும் பிரச்சினையும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

பிசிடி என்னைக் கீழே இழுக்கிறது, அல்லது மிதக்கவே விட மாட்டேன் என்கிறது. வேறு மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன் ஈயத்தை எடை போடுங்கள். எனக்கு வரும் இப்படிப்பட்ட புகார்களில் பெரும்பாலானவை பிசிடி பற்றியவையே இல்லை, ஈயம் பற்றியவை. முதல் டைவில் இறங்க முடியவில்லை என்று யாரோ இரண்டு கிலோ கூடுதலாகக் கொடுத்திருப்பார். அது அப்படியே நிலைத்துவிடும். அந்தக் கூடுதல் எடைக்கு ஈடாகப் பையில் கூடுதல் காற்று, அந்தக் காற்று ஒவ்வொரு மீட்டருக்கும் விரிந்து சுருங்கி ஆட்டம் காட்டும்.

சோதனை எளிது. டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் அளவுக்குக் காற்று இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடியில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சோடு நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் ஈயம் சரி. மூச்சை இழுத்தால் மெல்ல எழுந்து, விட்டால் மெல்ல இறங்குவீர்கள். அந்த நிலையை ஒருமுறை அனுபவித்துவிட்டால் இன்ஃப்ளேட்டர் பொத்தானை நினைத்தபோதெல்லாம் அழுத்தும் பழக்கம் போய்விடும்.

கடலில் சரியாக இருக்கும் ஈயம் நன்னீரில் அதிகம். கடல்நீர் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் நன்னீரில் சுமார் இரண்டரை கிலோ குறைக்கலாம். பஞ்சு திணித்த புது ஜாக்கெட் தானாகவே கொஞ்சம் மிதக்கும் என்பதால், பிசிடி மாற்றினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பாக்கெட், வளையம் எல்லாம் எத்தனை வேண்டும்?

குறைவாகவே. ஒரு டார்ச், ஒரு அடையாள மிதவை, மாற்று ரெகுலேட்டர் (மூச்சுக்குக் காற்று தரும் கருவி), அழுத்தமானி இவற்றை மாட்ட இடம் இருந்தால் போதும். வளையம் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நல்லது.

பயணத்துக்கான இலகுவான பிசிடி உழைக்குமா?

இரண்டு, இரண்டரை கிலோவில் கிடைக்கின்றன. துணி மெல்லிசு, பஞ்சு குறைவு, தூக்கும் திறனும் சற்றுக் குறைவு. மெல்லிய சூட்டோடு வெதுவெதுப்பான கடலில் டைவ் செய்பவருக்கு ரொம்பப் பொருத்தம். பாறையில் உரசி ஏறி இறங்கும் கரை டைவ்களுக்கு அல்ல. வாடகை பிசிடிகள் தடித்த துணியில் வருவது, ஒரு நாளைக்கு நான்கு பேர் கையில் அடிபட வேண்டும் என்பதற்காகத்தான்.

பழைய பிசிடி வாங்கலாமா?

வாங்கலாம், கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் முதலில் பிசிடியைக் காதருகே பிடித்துக் குலுக்குவேன். உள்ளே சரசரவென்று மணல் மாதிரிச் சத்தம் வந்தால் அது உப்புப் படிகம். அப்படியானால் உள்ளே கழுவியதே இல்லை. அடுத்தது மோப்பம். வாய்க்குழாயில் மூக்கை வைத்துப் பொத்தானை அழுத்தினால் புளித்த, பூஞ்சை வாடை வருகிறதா? அப்புறம் இன்ஃப்ளேட்டர் ஹோஸை வில்லாக வளைத்துப் பார்க்கிறேன். வளைவில் ரப்பர் வெடித்திருந்தால் அதன் வயது தெரிந்துவிடும். தோள் முனையில் ஹோஸைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை வெளிறி, நகத்தால் தட்டினால் சொரசொரப்பாக இருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். கடைசியில் முழுக்க ஊதி ஓர் இரவு வைக்கச் சொல்வேன். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பவரிடம் வாங்குவதில்லை.

டைவ் முடிந்ததும் எப்படிக் கழுவ வேண்டும்?

வெளிப்பக்கத்தை எல்லோரும் கழுவுகிறார்கள். பிசிடி வீணாவது உள்ளிருந்து. காற்றை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கடல்நீர் பைக்குள் போகிறது. அது வற்றும்போது உப்பு படிகமாகிறது. படிகத்தின் முனைகள் உள்பூச்சைச் சிறிது சிறிதாக அராவுகின்றன. மடங்குகிற இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும்.

நான் செய்வது இது. முதலில் நல்ல தண்ணீரில் முழு பிசிடியையும் கொஞ்ச நேரம் ஊறவிடுவேன். காயும் முன்பே ஊறினால் உப்பு எளிதாகக் கரையும். ஊறும்போதே பொத்தான்களையும் டம்ப் கயிறுகளையும் கொக்கிகளையும் பலமுறை அசைப்பேன். அப்புறம் வாய்க்குழாயைக் குழாயடியில் மேல்நோக்கிப் பிடித்து, இறக்கும் பொத்தானை அழுத்தியபடி பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விடுவேன். பிறகு வாயால் ஊதி, எல்லா மூலைக்கும் தண்ணீர் போகும்படி தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் திருப்பிக் குலுக்குவேன். தோள்ப் பகுதியை யாரும் கவனிப்பதில்லை, உப்பு தங்குவது அங்கேதான். முதல் முறை ஹோஸ் வழியாகவும், இரண்டாம் முறை பின்பக்க டம்ப் வழியாகவும் தண்ணீரை வெளியேற்றினால் இரண்டு வால்வும் கழுவப்பட்டுவிடும். வெளிவரும் தண்ணீரில் உப்புத் தெரியாமல் போகும் வரை திரும்பச் செய்யுங்கள். எனக்கு வழக்கமாக மூன்று முறை ஆகும்.

ஊதும்போது ஒரு எச்சரிக்கை: ஊதுங்கள், உள்ளே இருக்கும் காற்றை இழுக்காதீர்கள். ஈரமான, இருட்டான பைக்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அது நுரையீரலுக்குப் போகக் கூடாது. வாடை வந்துவிட்டால் பிசிடிக்கென்று விற்கும் கிருமிநாசினித் திரவத்தை, போத்தலில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரம் மட்டும் உள்ளே வைத்து நன்றாக அலசுங்கள். வீட்டுத் தரை கழுவும் மருந்தும் வெளுப்பானும் வேண்டாம்.

நீச்சல் குளத்தில் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். கழுவ வேண்டுமா?

கட்டாயம். குளோரின் நிறத்தை வெளுக்கும், துணியையும் ரப்பரையும் இறுகச் செய்யும். உள்ளேயும் வெளியேயும் அதே கழுவல்தான்.

எப்படிக் காய வைப்பது, எங்கே வைப்பது?

நிழலில், காற்றோட்டமாக. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் நைலானுக்கும் அதன் பூச்சுக்கும் எதிரி. அகலமான தோள் உள்ள தடித்த ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஹோஸ் கீழே தொங்கட்டும், மிச்சத் தண்ணீர் அங்கே வந்து சேரும். மறுநாள் ஒரு முறை வடித்தால் வியப்பாக இருக்கும், இன்னும் அரை டம்ளர் வரும்.

பத்திரப்படுத்தும்போது பாதி ஊதி வையுங்கள். முழுக்கக் காற்றில்லாமல் மடித்து வைத்தால் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டும், மடிப்பில் பூச்சு வெடிக்கும். மின்மோட்டார் ஓடும் இடத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரைக் கெடுக்கும்.

சிலிக்கான் தடவலாமா?

ஓ-ரிங்குகளுக்கு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சிலிக்கான் கிரீஸ், மிக மெல்லிதாக. ஸ்பிரே வேண்டாம், அதில் வரும் கரைப்பான் சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பரையும் பலவீனமாக்கும். பெட்ரோலியம் கலந்த எதுவும் கூடவே கூடாது.

காற்று மெல்ல இறங்குகிறது. எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் முழுக்க ஊதி வைத்தீர்கள், காலையில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றால் உடனே கசிவு என்று முடிவுகட்டாதீர்கள். அறை குளிர்ந்தாலே உள்ளே காற்று சுருங்கும். சொதசொதவென்று ஆகிவிட்டதென்றால் கசிவுதான்.

தொட்டியில் பகுதி பகுதியாக அமிழ்த்துங்கள், அல்லது சோப்பு நுரையைத் தடவுங்கள். வால்வுகளை முதலில் பாருங்கள், பையைக் கடைசியில். ஒரு முறை என்னிடம் வந்த பிசிடியை, பை கிழிந்துவிட்டது, தூக்கிப் போடப் போகிறேன் என்று கொண்டுவந்தார் அதன் சொந்தக்காரர். தொட்டியில் வைத்தேன். பின்பக்க டம்ப் வால்விலிருந்து மூன்று நொடிக்கு ஒரு குமிழி. மூடியைக் கையால் திருகினேன். ஸ்பிரிங், அதன் கீழே வட்டமான சிலிக்கான் தகடு, தகடு உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பு. அந்த விளிம்பில் ஒரே ஒரு மணல்துகள், அதைச் சுற்றித் தகட்டில் மெல்லிய பள்ளம். மணலை விரலால் எடுத்து, தகட்டையும் விளிம்பையும் கழுவித் துடைத்து மறுபடி பூட்டினேன். குமிழி நின்றுவிட்டது. பத்து நிமிட வேலை. பிரிக்கும்போது எது மேலே எது கீழே என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டும்போது கயிறு முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள்.

பையிலேயே ஊசித்துளை என்றால் தயாரிப்பாளர் சொல்லும் பசையால் ஒட்டலாம். ஒட்டுத் தையல் பிரிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை.

இன்ஃப்ளேட்டர் தானாகக் காற்றேற்றினால் என்ன செய்வது?

இதை எல்லோரும் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பயிற்சி டைவில், எட்டு மீட்டர் இருக்கும், என் பக்கத்தில் இருந்தவரின் தோளில் சர்ரென்ற சத்தம். வாடகை பிசிடி. முந்தின நாள் யாரோ கழுவாமல் தொங்கவிட்டது. பொத்தானின் தண்டில் உப்பு இறுகி, அழுத்தியது திரும்பி வரவில்லை. அவர் பொத்தானையே குத்திக்கொண்டிருந்தார், மேலே போய்க்கொண்டும் இருந்தார். பயிற்றுநர் ஒரு கையால் அவருடைய டம்ப் கயிற்றை இழுத்து, இன்னொரு கையால், சிலிண்டரிலிருந்து இன்ஃப்ளேட்டருக்குக் காற்று கொண்டுவரும் குறைந்த அழுத்த ஹோஸின் வளையத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கழற்றினார். சத்தம் நின்றது. இரண்டு நொடி ஆகியிருக்காது.

நீங்களும் அதையேதான் செய்ய வேண்டும். ஒரு பக்கம் காற்றை இறக்குங்கள், மறுபக்கம் குறைந்த அழுத்த ஹோஸைக் கழற்றுங்கள், மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருங்கள். ஹோஸ் கழன்ற பிறகு வாயால் ஊதி மிதவையைச் சரிசெய்யலாம், டைவை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஹோஸில் காற்று அழுத்தம் இருக்கும்போது கழற்றுவது முதல் முறை கடினமாக இருக்கும். கையுறை போட்டால் இன்னும் கடினம். ஆழமில்லாத இடத்தில் பழகுங்கள்.

அழுத்தும் பொத்தான் திரும்பி வரத் தாமதித்தாலே, டைவுக்கு முன் கரையில் இருக்கும்போதே, அந்த பிசிடியை ஒதுக்கிவையுங்கள்.

சர்வீஸ் எத்தனை நாளைக்கு ஒரு முறை?

ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது கையேட்டில் சொன்ன கணக்கு. டம்ப் வால்வைத் துடைப்பது, கட்டுப்பட்டை மாற்றுவது நீங்களே செய்யலாம். இன்ஃப்ளேட்டரின் உள்வால்வைப் பயிற்சி பெற்றவர் பிரிக்கட்டும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஹோஸையும் சேர்த்துக் கொடுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிலிண்டர் பட்டை நழுவுகிறது. பட்டை பழுதா?

பெரும்பாலும் இல்லை. காய்ந்த பட்டை நனைந்ததும் சற்று நீளும். மாட்டும் முன் நனைத்து இறுக்குங்கள். பூட்டிய பிறகு பிசிடியைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பாருங்கள், சிலிண்டர் அசையக் கூடாது.

எப்போது புதிது வாங்க வேண்டும்?

வருடக் கணக்கு எனக்கு ஒத்துவருவதில்லை. உள்ளே கழுவி நிழலில் வைத்த பிசிடி பதினைந்து வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் காய்ந்தது மூன்றே வருடத்தில் முடிந்ததும் தெரியும். பார்க்க வேண்டியது இதுதான்: உள்பூச்சு உரிந்து, வடிக்கும் தண்ணீரில் வெள்ளைச் செதில் செதிலாக வருகிறதா? தோள்பட்டைத் தையல் இழுத்தால் வாய் பிளக்கிறதா? அழுத்த விடுவிப்பு வால்வு துடைத்த பிறகும் நிற்காமல் கசிகிறதா, அதற்கு மாற்று உறுப்பு கிடைப்பதில்லையா? கொக்கி விரிசல் விட்டால் கொக்கியை மாற்றுங்கள், அதற்காக பிசிடியை மாற்ற வேண்டாம். செதில் வரத் தொடங்கிவிட்டால் மட்டும் யோசிக்காதீர்கள். அந்தச் செதில் ஒன்று டம்ப் வால்வின் விளிம்பில் போய் உட்கார்ந்தால் போதும், நீங்கள் ஏற்றிய காற்று உள்ளே நிற்காது. அந்த பிசிடியின் வளையங்களையும் கொக்கிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு, பையை வேறு யாரும் எடுத்துப் போட முடியாதபடி கத்தரித்துவிடுங்கள்.